தெரியாமல் வெட்டிய கொடி



"தெரியாமப் பண்ணிட்டனுங்க." நம்ம ஊர்ப் பக்கம் இந்த வார்த்தையைக் கேட்காத வீடு கிடையாது. டம்ளர் உடைந்தாலும் இதுதான். வண்டியை இடித்துவிட்டாலும் இதுதான். ஒருவரைப்பற்றிச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லி, அது தெரு முழுக்கப் பரவினாலும் இதுதான். இதைச் சொன்னதோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? இல்லை, அங்கேதான் கணக்கே ஆரம்பிக்கிறதா? இந்த மாதம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பாரம். பெரிய வேதசாஸ்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு முல்லைக்கொடியை வைத்தே யோசிக்கலாம்.

நம் சபைச் சகோதரி ஒருவர் வீட்டு வாசலில் முல்லைக்கொடி ஒன்று இருந்தது. (சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேர் வேண்டாம்.) அவருடைய தாயார் சத்தியமங்கலத்துப் பக்கம் தங்கள் தோட்டத்தில் பதியன் போட்டு, அதை ஒரு பழைய எண்ணெய் டின்னில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் கொண்டுவந்து நட்டது. தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கொடி மட்டும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை ஏறிவிட்டது. நம் சகோதரிகளில் அநேகர் பூ வைப்பதில்லை, இவரும் வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் எதுக்குங்க கொடி என்று கேட்கிறவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு அந்த வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஏப்ரல் மாதம் அந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். சபைத் தம்பி ஒருவர், நல்ல கைவேலைக்காரர், கூலி வாங்காமல் உதவிக்கு வந்தார். அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சுவரை மறைத்துக்கொண்டிருந்த கொடியைக் கொடுவாளால் முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டாக வெட்டி இழுத்துப் போட்டுவிட்டார். சாயங்காலம் அக்கா வந்து பார்க்கிறார். கேட்டுக்கு வெளியே குவியலாகக் கிடக்கிறது கொடி, முழுக்க மொட்டோடு.

"செவுத்துக்கு வெள்ளை அடிக்கோணும்னீங்கள்ல, அதானுங்க்கா வெட்டுனேன். மறுபடியும் துளுத்துக்கும், உடுங்க" என்றாராம் தம்பி. அக்கா முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், "தெரியாமப் பண்ணிட்டனுங்க்கா" வந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தம்பி பந்தியில் நின்று பரிமாறினார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. ஆராதனை முடிந்ததும் ஒருவர் முன்வாசல் வழியாகப் போனால் இன்னொருவர் பக்கத்து வாசல் வழியாகப் போவார். ஒரு கொடிக்காகவா என்று சிரித்தவர்களும் உண்டு.

ஆறுதல் சொல்லப் போனவர்கள் சிலர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "கர்த்தர் உங்களைக் கிளை நறுக்கறாருங்க, இன்னும் அதிகமாக் கனி குடுப்பீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "வெட்டுனது அவன்தானுங்க. அதை எதுக்குங்கய்யா கர்த்தர் மேல போடறாங்க?"

பைபிள் காலேஜில் இப்படி ஒரு கேள்வி எங்களுக்குப் பரீட்சையில் வரவில்லை.

முதலில் கவாத்து என்றால் என்ன என்று பார்ப்போம். விவசாயம் பண்ணுகிற சகோதரர்களுக்குத் தெரிந்ததுதான். சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் வருஷத்துக்கு ஒரு தரம் செடியை மொட்டையடித்த மாதிரி வெட்டுவார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம். முல்லைக்கு ஜனவரி, 45 செ.மீ. (முல்லையில் கோ.1, கோ.2, பாரிமுல்லை என்கிற ரகங்களெல்லாம் அங்கிருந்து வந்தவைதான். கொழுகொம்பு இல்லாமல் தவித்த கொடிக்குத் தேரையே கொடுத்தானாமே பாரி, அவன் பேர்.) தொண்டாமுத்தூர் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கு வருஷத்தில் இரண்டு கவாத்து. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மேயில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். கிளைக்குக் கிளை நாலு கண், ஐந்து கண் என்று எண்ணி விட்டுத்தான் கத்தரி வைப்பார்கள்.

45 செ.மீ. என்றால் எவ்வளவு? ஏறக்குறைய முழங்கால் உயரம். தம்பி வெட்டியதும் முழங்கால் உயரம்தான்! ஸ்கேல் வைத்து அளந்தால் நாலு விரல் வித்தியாசம்கூட இருக்காது. கத்தி ஒன்றுதான், உயரம் ஒன்றுதான், விழுந்த கிளையும் ஒன்றுதான். அப்படியானால் எது கவாத்து, எது சேதம்?

காலத்தைக் கவனியுங்கள். பனிக்காலத்தில் கொடி ஓய்வில் இருக்கும். அதுவரை இலைகள் சமைத்த மாவுச்சத்து வேரிலும் தடித்த தண்டிலும் சேமிப்பாகக் கிடக்கும். அப்போது வெட்டினால் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு பண்ணிப் புதுத் துளிர் விடும். முல்லை புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் துளிர் கூடினால் பூவும் கூடும். ஏப்ரலில் கதை வேறு. சேமிப்பில் பெரும்பகுதியைத் துளிருக்கும் மொட்டுக்கும் ஏற்கெனவே செலவழித்துவிட்டு, இனி இலை சம்பாதித்துத் தரும் என்று வேர் காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால் முதலும் போச்சு, வட்டியும் போச்சு. போதாததற்கு, இத்தனை வருஷம் இலை நிழலில் இருந்த அடித்தண்டின் பட்டை சித்திரை வெயிலில் நேராக வேகும்.

இன்னொன்று, கவாத்து பண்ணுகிற விவசாயி மாட்டெருவைக் கொண்டுவந்து வரப்பில் குவித்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். செடிக்குப் பத்து கிலோ என்று கணக்கு. பாத்தி கட்டத் தெரியும், எந்தக் கிளையை விட வேண்டும் என்று தெரியும், மறுநாளும் அந்தத் தோட்டத்துக்கு அவர்தான் வருவார். வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

யோவான் 15-ல் ஆண்டவர் பிதாவைத் திராட்சத்தோட்டக்காரர் என்கிறார். கனி கொடுக்கிற கொடியை அவர் என்ன செய்கிறார்? நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் வெட்டுகிறார் என்று போடவில்லை, சுத்தம்பண்ணுகிறார் என்றுதான் போட்டிருக்கிறது. கிரேக்கத்தில் 'கத்தாய்ரோ' என்கிற சொல்லுக்கும் அர்த்தம் அதுவே. அடுத்த வசனத்தில் சீஷர்களைச் சுத்தமானவர்கள் என்று சொல்வதும் அதே வேர்ச்சொல்லிலிருந்து வருகிறதுதான். கொடியின் பேர், வயசு, கண் எல்லாம் தெரிந்த ஒருவருடைய கை செய்கிற வேலை அது. காலம் தப்பி வெட்டுகிறதையும் வேதம் அறிந்திருக்கிறது. ஏசாயா 18:5 வாசித்துப் பாருங்கள். பூ முடிந்து பிஞ்சு பழுக்கப் போகிற நேரத்தில், அறுப்புக்கு முன்னாலேயே கொடிகளை அறுத்துப்போடுகிறதைத் தீர்க்கதரிசி அங்கே எதற்கு ஒப்பிடுகிறார்? நியாயத்தீர்ப்புக்கு! மொட்டு நிறைந்த கொடியை வெட்டுகிறதை ஆசீர்வாதத்துக்கு அடையாளமாக ஏசாயா எழுதவில்லை.

ஆகவே யாருக்காவது நஷ்டம் வந்தவுடனே ஓடிப்போய், "இது கர்த்தருடைய கவாத்து" என்று முத்திரை குத்துகிற பழக்கத்தை நாம் விட வேண்டும். மில் மூடி வேலை போன சகோதரரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறோம். குடித்துவிட்டு லாரி ஓட்டினவனால் புருஷனை இழந்த சகோதரியிடம்கூடச் சொல்லியிருக்கிறார்கள், நான் என் காதால் கேட்டேன். மனுஷருடைய அஜாக்கிரதைக்கு ஆண்டவரிடம் கையெழுத்து வாங்குகிற வேலை இது.

"அப்படியானால் ரோமர் 8:28 எங்கே போச்சுங்க ஐயா? சகலமும் நன்மைக்காகத்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யோசேப்பைப் பாருங்கள். ஆதியாகமம் 50:20-ல், நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக மாற்றினார் என்கிற கருத்தில் பேசுகிறாரே, யார் பேசுகிறது? குழியில் போடப்பட்ட யோசேப்பு பேசுகிறார். அதே வார்த்தையை அண்ணன்மார் பேசியிருந்தால் எப்படி இருக்கும்? "தம்பி, நாங்க உன்னை வித்ததுனாலதானே எகிப்துல அதிகாரி ஆனே" என்று சொல்லியிருந்தால்? அதே சத்தியம்தான், ஆனால் அந்த வாயிலிருந்து வந்தால் அகங்காரம். அதைச் சொல்கிற உரிமை யோசேப்புக்கு இருக்கிறது, அண்ணன்மாருக்கு இல்லை. எகிப்தில் கொண்டுபோய் விற்ற மீதியானியருக்கும் இல்லை. தேவன் இதை நன்மையாக மாற்றினார் என்று அந்த அக்கா என்றைக்காவது சொன்னால், நான் எழுந்து நின்று அல்லேலூயா சொல்வேன். அதுவரைக்கும் என் வாயில் அந்த வசனம் வராது.

இனி தம்பியின் பக்கம் வருவோம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கூலி வாங்காமல் உதவிக்கு வந்தவர். அவரை எதிரி மாதிரிப் பார்ப்பது அநியாயம். வேதம் இந்த விஷயத்தில் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது தெரியுமா? உபாகமம் 19:5-ல் ஒரு மனுஷன் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறான். கோடாரியை ஓங்கும்போது இரும்பு காம்பிலிருந்து கழன்று பக்கத்திலிருந்தவன் மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். இவனைக் கொலைகாரன் என்று கொல்லக்கூடாது. அடைக்கலப் பட்டணம் இருக்கிறது, ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். அப்படி ஆறு பட்டணங்கள். ஆனால் எண்ணாகமம் 35-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பிரதான ஆசாரியன் மரிக்கிறவரைக்கும் அவன் அந்தப் பட்டணத்தை விட்டு வெளியே வரக்கூடாது. தன் வீடு, தன் நிலம், தன் வெள்ளாமை எல்லாவற்றையும் விட்டு வருஷக்கணக்காக அங்கே இருக்க வேண்டும். தெரியாமல் செய்தவன்தான், உயிர் தப்பினான். ஆனால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுநாள் காலையில் விறகு வெட்டப் போக முடியாது.

யாத்திராகமம் 22:6 இன்னும் நம் தோட்டங்களுக்குக் கிட்ட வருகிறது. தீ முள்ளில் பற்றி, பக்கத்துக் காட்டு வெள்ளாமையை எரித்துவிட்டால், தீ மூட்டினவன் ஈடுகொடுக்க வேண்டும். அவன் அடுத்தவன் காட்டைக் கொளுத்தவா மூட்டினான்? இல்லை. காற்று திரும்பிவிட்டது. ஆனாலும் ஈடு அவன் பொறுப்பு. லேவியராகமம் 5-ல் அறியாமல் செய்ததற்கும் பலி உண்டு. லூக்கா 12:48-ல் அறியாமல் தப்பு செய்த ஊழியக்காரனுக்கு அடி குறைகிறது, அடியே இல்லாமல் போகவில்லை. தெரியாமல் செய்தேன் என்பது ஒருவனைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடும். கடன்காரன் என்கிற இடத்திலிருந்து இறக்கிவிடாது. நம் ஜனங்களில் அநேகர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குற்றம் இல்லை என்றால் கடனும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

"மறுபடியும் துளுத்துக்கும்" என்று தம்பி சொன்னாரே, அது உண்மைதான். ஆனால் அது யாருடைய பெருமை? ஜெர்மனி தேசத்தில் ஹில்டஸ்ஹைம் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பேராலயத்தின் பின்சுவரில் பல நூறு வருஷங்களாக ஒரு காட்டு ரோஜா ஏறிப் படர்ந்திருந்தது. 1945 மார்ச் 22-ந் தேதி நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் ஆலயம் இடிந்தது, கொடியும் எரிந்து இடிபாட்டுக்குள் புதைந்தது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், கல்லுக்கும் கரிக்கும் நடுவில் வேரிலிருந்து 25 துளிர்! இன்றைக்கும் அந்தக் கொடி அதே சுவரில் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்கு ஏறி வருஷா வருஷம் பூக்கிறது. அந்தத் துளிரைக் காட்டி, "பாத்தீங்களா, குண்டு போட்டது நல்லதாப் போச்சு" என்று யாராவது சொல்வார்களா? துளிர்த்தது வேரின் பலத்தால். வெட்டினவர் அதில் பங்கு கேட்க முடியாது.

வேர் எப்படித் துளிர்க்கிறது என்பதும் அதிசயமான காரியம். கொடிக்கு நுனி இருக்கிறவரைக்கும், ஆக்சின் என்று ஒரு சத்து நுனியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது கீழே இருக்கிற கண்களைத் தூங்க வைத்திருக்கும். பழைய தண்டில் பட்டைக்கு அடியில் வருஷக்கணக்காகத் தூங்குகிற கண்கள் உண்டு. நுனி போனதும் அந்தச் சத்து நின்றுபோகும், தூங்கினது விழிக்கும். ஆனால் எல்லாச் செடியும் இப்படித் திரும்பி வரும் என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. நம் முல்லை பதியனில் வந்தது, மண்ணுக்குள் இருப்பதும் முல்லைதான். ஆகவே எங்கிருந்து துளிர்த்தாலும் அதே முல்லை வரும். நர்சரியில் வாங்கின ரோஜா அப்படியில்லை. அநேகமாக ஒட்டுக் கட்டினது. ஒட்டுக்குக் கீழே வெட்டுப்பட்டால், அடியிலிருக்கிற காட்டுச்செடிதான் துளிர்க்கும். பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். நாம் வைத்த ரோஜா போயே போச்சு. மனுஷர் காரியத்திலும் இப்படி ஒட்டுக்குக் கீழே விழுகிற வெட்டுகள் உண்டு. "காலம் ஆத்தும்" என்று எல்லோருக்கும் ஒரே மருந்தாகச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் யோபு 14-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. வெட்டுண்ட மரத்துக்கு நம்பிக்கை உண்டு, தண்ணீர் வாசம் பட்டால் போதும், மறுபடி கிளைக்கும் என்கிற பகுதி. நாம் அதை வாக்குத்தத்தமாக எடுத்துக் காலண்டரில் போடுகிறோம். யோபு அதைச் சொன்ன நேரத்தில் அது அழுகை. மரத்துக்காவது நம்பிக்கை இருக்கிறதே, மனுஷன் செத்தால் என்ன என்று அடுத்த வசனத்திலேயே கேட்கிறார். சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் போய் அவருடைய நண்பர்கள் அந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ!

தம்பி என்னிடம் வந்தார். "மன்னிப்புக் கேட்டாச்சுங்கய்யா. போனா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. இன்னும் என்ன பண்ணச் சொல்றீங்க?"

"தண்ணி ஊத்துப்பா" என்றேன்.

லூக்கா 13-ல் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொல்கிறான் எஜமான். தோட்டக்காரன் என்ன கேட்கிறான்? இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். தவணையோடு வேலையும் தன் மேல் ஏற்றுக்கொள்கிறான். சுற்றிலும் கொத்தி எரு போடுவது என் பொறுப்பு என்கிறான். மன்னிப்புக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தவணை மட்டும் கேட்கிறோம். மண்வெட்டியை யார் எடுப்பது?

அக்காவிடமும் பேச வேண்டியிருந்தது. "பாத்தாலே வயிறெரியுதுங்கய்யா, அந்தக் கட்டையைப் புடுங்கிப் போட்டர்லாம்னு இருக்கறேன்" என்றார். நான் மன்னிப்பைப்பற்றி அன்றைக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. ஆடி மாதம் வரைக்கும் தோண்ட வேண்டாம், நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மன்னிப்பதற்கும் மொட்டு விரிவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. மன்னிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பதை நான் ஆதரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மன்னித்தாக வேண்டும் என்று சபை நெருக்குவதையும் ஆதரிக்கவில்லை. தாயார் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அந்தக் கொடி.

தம்பி தினமும் வேலை விட்டுப் போகிற வழியில் அந்த வாசலில் வண்டியை நிறுத்துவார். யாரையும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் விடுவதிலும் ஒரு நிதானம் வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். இலை இல்லாத கொடி அதிகம் தண்ணீர் குடிக்காது. பாசத்தில் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். அப்புறம், சீக்கிரம் துளிர்க்கட்டும் என்று யூரியா போடக்கூடாது, உப்பு வேரைக் கருக்கும். அடித்தண்டில் வெயில் படாமல் ஒரு பழைய தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தார். பெரிய வெட்டுவாய்களில் போர்டோ பசை தடவினார். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்பது கணக்கு. வீட்டுக்கு அதில் ஒரு சிட்டிகை போதும். (இந்த மருந்து வந்த கதையே ஒரு தற்செயல்தான். பிரான்ஸ் தேசத்தில் போர்டோ பக்கம், வழியில் போகிறவர்கள் திராட்சையைத் திருடக்கூடாது என்று ரோட்டோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வரவில்லை என்று மில்லார்டே என்கிற பேராசிரியர் கவனித்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார்.)

மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் அடித்தண்டில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு முளை. முதலில் பார்த்தது தம்பிதான். "அக்கா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாராம். அவர் வந்து குனிந்து பார்த்தார். "மெதுவா ஊத்து, துளிர் ஒடிஞ்சரும்" என்றார். அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

துளிர் ஒரு சாண் வந்த பிறகு மக்கின தொழு உரத்தை, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகப் போட்டார்கள். துளிர் கண்டபடி நிறைய வந்தது. இப்படி வெட்டுப்பட்ட கொடி எப்போதுமே அப்படித்தான் வரும். அதில் பலமானது நாலைந்தை மட்டும் வாழைநாரால் தளரக் கட்டி ஏற்றிவிட்டு, மற்றதைத் தை மாதக் கவாத்து வரைக்கும் தொடாமல் விட்டார்கள். இலை எத்தனைக்கெத்தனை இருக்கிறதோ அத்தனைக்கத்தனை வேருக்குச் சம்பாத்தியம். காய்ந்த குச்சி என்று நினைத்ததில் சில வைகாசியில் துளிர்த்தன. சில நிஜமாகவே பட்டுப்போனவை. அவற்றை அப்புறமாகத்தான் நறுக்கினார்கள். இந்த வருஷப் பூ போனதுதான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை ஏற இன்னும் காலம் பிடிக்கும்.

இன்னும் ஒரு காரியம். கொடி வெட்டுப்பட்டுக் கிடந்தால் அதைக் குப்பை வண்டியில் ஏற்ற அவசரப்படாதீர்கள். பென்சில் கனத்தில் இருக்கிற தண்டாகப் பார்த்து, மூன்று நாலு கணு வருகிற மாதிரி நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண் பாக்கெட்டில் நட்டு நிழலில் வையுங்கள். முல்லை வேர் பிடிக்கும். தம்பி அன்றைக்கு வெட்டிப்போட்ட குவியலிலிருந்து யார் சொல்லியோ, தானாகத் தோன்றியோ, மூன்று குச்சியை எடுத்துப்போய் வீட்டுப் பின்புறம் நட்டிருக்கிறார். யாத்திராகமம் 22:5-ல், அடுத்தவன் திராட்சத்தோட்டத்தை மேயவிட்டவன் தன் தோட்டத்தில் உத்தமமானதைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதை நான் காட்டினபோதுதான் அவர் அந்தப் பாக்கெட்டுகளைப்பற்றியே சொன்னார். அதில் ஒன்று பட்டுப்போனது. இரண்டு இலை விட்டுவிட்டன. ஒன்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டது, பெரிய கொடிக்கு ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று. இன்னொன்றைக் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிற மகளிடம் கொடுக்க வேண்டுமாம். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று இரண்டு பேரும் என்னிடம் கேட்டார்கள். பழைய எண்ணெய் டின் ஒன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.